கிழங்கு தின்ற எலிகளும் அதிகாரிக் குரங்குகளும்

குன்னூர் மலையில், சுமார் 95 ஆண்டுகளுக்கு முன்பு, கூண்டில் வளர்ந்த சில எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாடு போடப்பட்டது. மரச்சீனிக் கிழங்குதான் அதில் பிரதானம். பக்கத்துக் கூண்டுகளில் சென்னை ராஜதானி ஏழைகளின் அரிசிச் சாப்பாடு, பஞ்சாப் சீக்கியர்களின் சப்பாத்தி, பால், நெய், கீரை. பல மாதங்கள் கழித்து எலிகளைக் கொன்று வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்டவற்றின் இரைப்பை சுத்தமாக இருந்தது. மதராஸ் எலிகளில் பத்தில் ஒன்றுக்குப் புண். திருவிதாங்கூர் எலிகளிலோ நான்கில் ஒன்றுக்கும் மேல்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூர். அங்குள்ள நெய்யூரில் அதே காலத்தில் எலிகளுக்குப் பதிலாக மனிதர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். லண்டன் மிஷன் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்திருந்தது. அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்த் திரும்பும் வழியில் அதைப் பார்க்க வந்தார். குவிந்து கிடந்த நோயாளிகளையும் ஈடுகொடுக்க முடியாமல் தவித்த மருத்துவரையும் பார்த்தவர், லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டில் 28,000 அடி வரை போய்விட்டு வந்து, அடுத்த இருபது ஆண்டுகளை நெய்யூரில் வயிறுகளைத் திறப்பதில் கழித்தார்.

திறந்த வயிறுகளில் பெரும்பாலும் ஒரே நோய்தான். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அது ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக இருந்து, ஆறிய தழும்பு சுருங்கிச் சுருங்கி வாசலையே அடைத்துவிடும். சாப்பிட்டது கீழே இறங்காது. முந்தின நாள் சோறு மறுநாள் வாந்தியில் வரும். இரைப்பையையும் சிறுகுடலையும் வேறோர் இடத்தில் இணைத்துப் புறவழி போட்டால்தான் ஆள் பிழைப்பார். சோமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய ஐ. எம். ஆர் என்ற மருத்துவரும் 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே 2,500 அறுவைகள் என்று இருக்கிறது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அது திகைக்க வைக்கும் எண்ணிக்கை.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு என்ற கேள்விக்கு முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் நெல் விளையும் பூமி. மேற்கே கல்குளம், விளவங்கோட்டுக்குப் போனால் மேடும் தோட்டமும். அங்கே அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் வயிற்றை நிரப்பியது மரச்சீனி. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. கிழங்கைத் தோலுரித்து, வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கிலிருந்து சயனைடு வெளிப்படும் என்பதை வேதியியல் படிக்காமலே நம் ஆச்சிமார் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். கூடவே காந்தாரி மிளகாயை உப்பு வைத்து அரைத்த துவையல், கிடைத்தால் சாளைக் கறி. மீன் இல்லாத நாளில் வெறும் மாவுச்சத்தும் காரமும்தான். இதை வைத்து ‘காரம் தின்றதால் வந்தது’ என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

நிரூபிக்க முனைந்தவர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் பிறந்த ராணுவ மருத்துவர். பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக மாறிய குன்னூர் ஆய்வுக்கூடத்தைக் கட்டி எழுப்பியவர். அவருடைய சோதனைகளில் எனக்குப் பிடித்த விஷயம் அவற்றின் ஒழுங்கு. ஒரே வம்சத்து எலிகள், ஒரே வயது, ஒரே அளவுக் கூண்டு, ஒரே வெயில், ஒரே சுத்தம். மாறுவது தட்டில் விழுவது மட்டும். இந்தியாவின் ஏழு வட்டாரச் சாப்பாடுகளை இப்படிக் கொடுத்துப் பார்த்ததில் சீக்கியச் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம் தேறியது. மதராஸ் எலி 155 கிராம். இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி என்று வளர்ந்த எலிகள் குட்டையாகிப் போனதோடு நிற்கவில்லை. பராமரித்தவர்களைக் கடித்தன, 60ஆம் நாள் வாக்கில் தங்களுக்குள் நோஞ்சானாக இருந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. சாப்பாடு உடம்பை மட்டுமல்ல, சுபாவத்தையும் மாற்றும் என்பதற்கு ஆரம்பகாலச் சான்றுகளில் அது ஒன்று.

அந்த எலிகள் பாவமில்லையா என்று கேட்டால், பாவம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது. எலி சில காலம் தின்ற சாப்பாட்டை விளவங்கோட்டுக் கூலிக்காரர் பிறந்தது முதல் தின்றுகொண்டிருந்தார். அவரைக் கூண்டில் அடைக்கவில்லை. கூலி அவரை அடைத்து வைத்திருந்தது. எலியை வெட்டிப் பார்க்கும் முன்பே நெய்யூரின் அறுவை மேசையில் விடை பாதிக்கு மேல் கிடந்தது. அப்படியென்றால் எலி எதற்கு? மனிதர் வாழ்க்கையில் எல்லாம் கலந்து கிடக்கிறது: கிழங்கு, மிளகாய், பட்டினி, புகையிலை, வெற்றிலை, கடன், கொக்கிப்புழு. எது புண்ணுக்குக் காரணம் என்று தனியாகப் பிரித்தெடுக்க, மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மனிதரை வைத்து அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. விலங்குச் சோதனைக்குச் சொல்லப்படும் நியாயங்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நியாயத்துக்கு ஒரு விலை உண்டு. சமமாக வைக்க வேண்டியதைச் சமமாக வைக்காத சோதனைக்கு அந்த நியாயத்தில் பங்கில்லை. அங்கே விலங்கின் வலி வெறும் வலி.

இதற்குப் பாடம்போல் ஒரு கதை இதே வயிற்றுப்புண்ணின் வரலாற்றில் இருக்கிறது. நெய்யூர்க் கட்டுரை வந்த அதே 1936இல், ஜூலை மாதம், ‘நேச்சர்’ இதழில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மான்ட்ரியலில் எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், மருந்தை ஏற்றினாலும் அவற்றின் உடம்பு ஒரே மாதிரிப் பதில் சொன்னது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. பின்னாளில் ‘ஸ்ட்ரெஸ்’ என்று உலகம் முழுக்கப் புழங்கப்போகும் எண்ணத்தின் விதை அது. புண்ணுக்குக் காரணம் தட்டில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று பேச்சு திரும்பியது.

அந்தப் பேச்சின் உச்சம் 1958. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தில் உளவியலாளர் ஜோசப் பிரேடி ரீசஸ் குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலிகளில் கட்டி உட்கார வைத்தார். தலையையும் கைகளையும் அசைக்கலாம். எழுந்து போக முடியாது. 20 விநாடிக்கு ஒரு தரம் காலில் ஷாக் அடிக்கும். ஒரு குரங்கின் முன்னால் ஒரு லீவர். அதை அழுத்தினால் அடுத்த ஷாக் 20 விநாடி தள்ளிப் போகும். இரண்டு குரங்குக்கும் சேர்த்துத்தான் தள்ளிப் போகும். கூட்டாளிக் குரங்கின் லீவர் வெறும் பொம்மை. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். ஆறு மணி நேரம் இப்படி, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம். இரவு பகல் கிடையாது.

முதல் ஜோடியில் லீவர் அழுத்திய குரங்கு 23ஆம் நாள் செத்தது. வயிற்றில் புண். அடுத்தடுத்த ஜோடிகளிலும் அப்படியே. அத்தனை ஷாக்கையும் சேர்ந்து வாங்கிய கூட்டாளிகளுக்கு ஒன்றுமில்லை. ‘அதிகாரிக் குரங்கு’ என்று பெயர் விழுந்தது. பொறுப்பைச் சுமப்பவருக்கே அல்சர் என்ற செய்தி பத்திரிகைகளில் பரவியது. குளிர்பதன அறையில் உட்கார்ந்திருந்த மேலாளர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருந்திருக்காது. தன் வயிற்றெரிச்சலே பதவிக்குச் சான்றிதழ். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் எந்தக் கம்பெனிக்கும் அதிகாரிகள் அல்ல என்பது யார் காதிலும் விழவில்லை.

பிரேடியின் கவனிப்பில் நல்ல அறிவியலும் இருந்தது. ஷாக் நேரத்தை அவர் வேறு அளவுகளில் மாற்றிப் பார்த்தபோது புண் வரவில்லை. வயிற்றில் அமிலம் ஊறியது லீவரை அழுத்திக்கொண்டிருந்தபோது அல்ல, ஓய்வில் விட்ட பிறகு. இது இன்றும் யோசிக்க வைக்கும் விஷயம். ஆனால் அடித்தளத்தில் ஓட்டை. எந்தக் குரங்கை அதிகாரியாக்குவது என்று அவர் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. முன்னோட்டத்தில் எது சீக்கிரமாக, அதிகமாக லீவரை அழுத்தியதோ அதைத் தேர்ந்தெடுத்தார். சோதனை ஓட வேண்டுமே என்ற வசதிக்காகச் செய்தது. இயல்பிலேயே பதற்றக்காரக் குரங்குகள் எல்லாம் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குப் புண் வந்தது பொறுப்பாலா, பிறவிச் சுபாவத்தாலா? அந்த நாற்காலிகளில் அதற்கு விடை கிடையாது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு திரும்ப வரவும் இல்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் அதே கேள்வியை எலிகளிடம் கேட்டார். இம்முறை மூன்று மூன்றாக, சீட்டுப் போட்ட மாதிரி பிரித்தார். ஒன்றுக்குச் சக்கரத்தைச் சுற்றினால் ஷாக் நிற்கும். இரண்டாவதுக்கு அதே ஷாக், ஆனால் நிறுத்தும் வழி இல்லை. மூன்றாவதுக்கு ஷாக்கே இல்லை. முடிவு தலைகீழ். கட்டுப்பாடு கையில் இருந்த எலிக்குப் புண் குறைவு. ஒன்றும் செய்ய முடியாமல் வாங்கிக்கொண்ட எலிக்குத்தான் அதிகம். ஷாக்குக்கு முன்னால் மணி அடித்து எச்சரித்தால் புண் இன்னும் குறைந்தது. எப்போது அடி விழும் என்று தெரியாததே பெரிய அடி.

கூலிக்காரரையும் மேலாளரையும் வைத்துப் பார்த்தால் நம்ப எளிதாக இருப்பது வைஸின் முடிவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரேடி குரங்குகளைப் பிரித்த ஒரு காலை நேரத்தில் நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் போதும். அதைச் செய்யாததால் குரங்குகள் வீணாகச் செத்தன. தவறைத் திருத்த இன்னொரு கூட்டம் எலிகள் ஷாக் வாங்க நேர்ந்தது. சோதனையின் திட்டத்தில் விட்ட பிழையை அடுத்த கூண்டில் இருக்கும் விலங்கு அடைக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூட நெறி என்றால் ஈரமனம், கருணை என்று பேசுகிறோம். புள்ளியியலைப் பேசுவதில்லை.

அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் ரீசஸ் குரங்குகள் அந்த நாளில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவை. நம் ஊர் மலைகளிலும் கோயில் மதில்களிலும் திரியும் நாட்டுக்குரங்கு அல்ல அது. கோதாவரிக்கு வடக்கே உள்ள இனம். போலியோ தடுப்பு மருந்துக்குக் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்ட 1950களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதி ஆயின. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் வண்டிக்குள் அடைத்து நிறுத்தியிருந்த சுமார் 400 குரங்குகள் மூச்சுமுட்டிச் செத்தபோது இந்திய அரசு சிறிது காலம் ஏற்றுமதியை நிறுத்தியது. கடைசியில் மொரார்ஜி தேசாய் ஆட்சியில் 1978இல் முழுத் தடை வந்தது. அமெரிக்க ராணுவம் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தியது வெளியே வந்ததுதான் காரணம்.

இந்தக் குரங்குகளுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் ஒருவர். மாநிலங்களவை நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் திரும்பப் பெறச் சொல்லி, அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்களித்தார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். சட்டம் விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. 17ஆம் பிரிவு சொல்வது வேறு: புத்தகம், மாதிரி, திரைப்படம் போதுமென்றால் விலங்கைத் தொடாதே, சிறு விலங்கில் முடிகிற காரியத்துக்குப் பெரிய விலங்கைக் கொண்டுவராதே, கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுக்காதே, அறுத்தால் மயக்கம் கொடு. இப்போது விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் நிறுவனங்கள் ஒன்றிய அரசின் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். தங்களுக்குள்ளும் ஒரு நெறிக்குழு வைத்திருக்க வேண்டும். அதில் வெளியாட்களும் கட்டாயம். ஆய்வாளர் நிரப்பும் படிவத்தில் விலங்கு ஏன் தேவை, ஏன் இந்த இனம், ஏன் இத்தனை எண்ணிக்கை என்று கேள்விகள் உண்டு. மூன்றாவது கேள்விதான் கடினமானது. குறைவாகக் கேட்டால் முடிவு நிற்காது. எல்லா விலங்கும் வீண். அதிகம் கேட்டால் மிச்சம் வீண்.

வயிற்றுப்புண்ணின் கதை குரங்கோடும் எலியோடும் முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவப் பாக்டீரியா ஒன்றைக் கண்டார்கள். அமிலத்தில் எதுவும் வாழாது என்று மற்ற மருத்துவர்கள் சிரித்தார்கள். நிரூபிக்க விலங்கு வேண்டும். மார்ஷல் பன்றிக்குட்டிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. 1984இல், 32 வயதில், ஒரு கோப்பைக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். நெறிக்குழுவிடம் கேட்கவில்லை, மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாளில் வாந்தி, வாய்நாற்றம். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை அழற்சி. 2005இல் வாரனுக்கும் அவருக்கும் நோபல்.

குன்னூர் மெக்காரிசனும் இளவயதில் இப்படி ஒன்றைச் செய்தவர்தான். கில்கித்தில் கழுத்துக்கழலைக்குத் தண்ணீரே காரணமா என்று பார்க்க, அந்தத் தண்ணீரின் வண்டலைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து தானும் குடித்தார். தன்னுடம்பில் சோதிப்பவரை வீரர் என்று புகழ்வது வழக்கம். எனக்கு அதில் பாதி மனம்தான். மார்ஷல் விஷயத்தில் ஓர் ஆள், ஒரு தடவை. ஒப்பிட இன்னொருவர் இல்லை. மார்ஷலின் கோப்பை அழற்சியைக் காட்டியதே தவிர அல்சரைக் காட்டவில்லை. அதை நிலைநாட்டியது, கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் சம்மதம் வாங்கிச் சீட்டுப் போட்டுப் பிரித்த பிற்காலச் சோதனைகள்.

கிருமி கிடைத்துவிட்டது; நெய்யூர்ப் புதிர் தீர்ந்ததா? இல்லை. இந்தியாவில் வடக்கிலும் தெற்கிலும் இந்தக் கிருமி ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கிறது. அல்சரோ அரிசி, கிழங்கு தின்னும் தெற்கில் அதிகமாகவும், கோதுமை தின்னும் வடக்கில் குறைவாகவும் இருந்தது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி இதைப் பல்லாண்டு துரத்தினார். தீட்டாத தானியத்திலும் பயறுகளிலும் உள்ள சில கொழுப்புப் பொருள்கள் இரைப்பைச் சுவரைக் காக்கின்றன, தீட்டிச் சேமித்த அரிசியில் அந்தக் காவல் போய்விடுகிறது என்பது அவர் எண்ணம். சோதித்தது, மறுபடியும், எலிகளில். 1939லேயே நெய்யூர் ஆர், குன்னூர் ராதாகிருஷ்ண ராவுடன் சேர்ந்து தென்னிந்திய வயிற்றுப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தார். ஐம்பது ஆண்டு சுற்றிவிட்டு ஆய்வு அங்கேயே வந்து நின்றது.

இன்றைக்கு ஒருவர் மரச்சீனியும் காந்தாரியும் கொடுத்து நூறு எலிகளில் அந்தப் பழைய சோதனையைத் திரும்பச் செய்ய விண்ணப்பித்தால், நெறிக்குழுவில் வெளியாளாக நான் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். எலியின் இரைப்பை நம்முடையது போன்றதல்ல. அதில் பாதி, தோல் போன்ற மெல்லிய பை. அமிலம் சுரக்காத அந்தப் பகுதியில் பட்டினி போட்டாலே புண் வரும். எலிக்கு வாந்தியெடுக்கவும் தெரியாது. நெய்யூர்க்காரர்களுக்குப் புண் வந்ததோ இரைப்பையைத் தாண்டிய குடலின் தொடக்கத்தில். அதோடு, கேட்ட கேள்விக்கு இன்று ஆளில்லை. கல்குளம், விளவங்கோட்டில் இப்போது கிழங்கு பசிக்குச் சாப்பிடுவதல்ல, ஆசைக்குச் சாப்பிடுவது. கிருமிக்கு இரண்டு வார மாத்திரை இருக்கிறது. வாசல் அடைத்துப்போன வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் அரிதாகிவிட்டார்கள். அது சாப்பாடு மாறியதாலா, மருந்தாலா, கூலி ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல எலி உதவாது. அதற்கு நெய்யூர்ப் பக்கத்து முதியவர்களிடம், அவர்கள் சம்மதித்தால், சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.